விருது வாங்கிய மேடையிலேயே கொலையாளியைக் காட்டிக்கொடுத்தேன்

விருது வாங்கப் போகிறவன் அதை வாங்கிக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். அதுவரை நம்மைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உண்மையைத் தெரிவிப்பதற்காகத்தான் ஏற்புரை என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. அனுபவத்தில் சொல்கிறேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு விருது வாங்கியிருக்கிறேன். அதை வாங்கிய கை சூடு ஆறுவதற்குள், அதற்கு நான் லாயக்கில்லாதவன் என்பதை ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் நிரூபித்தும் விட்டேன்.

அது ஜப்பானிய மர்மப் புனைவு விமர்சனத்துக்கான விருது. சிரிக்க வேண்டாம். அப்படி ஒன்று விருதுநகரில் இருக்கிறது.

சிவகாசியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஆப்செட் பிரஸ். காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் எல்லாம் அடிப்போம். ஆடியில் ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தால் மார்கழி வரை தலை நிமிர முடியாது. தை பிறந்ததும் மெஷின்கள் ஓய்ந்துவிடும். அப்போது படிப்பேன். ஊரையே குட்டி ஜப்பான் என்கிறார்களே, பெரிய ஜப்பானில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கலாமே என்று ஒரு மர்ம நாவலைக் கையில் எடுத்தேன். அங்கே நடந்ததெல்லாம் கொலை. பூட்டிய அறைக்குள் பிணம், பனியில் காலடித் தடமே இல்லாத வீடு, ஒரு ரயில் நேர அட்டவணையை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம். எனக்குப் பிடித்துப்போயிற்று. படித்ததைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுத ஆரம்பித்தேன். ஜப்பானிய மர்ம நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். காலை நீட்டிக்கொள்ள இடமும் இருக்கும். அதனால் கொஞ்ச காலத்திலேயே நான் அந்தத் துறையின் முக்கியமான விமர்சகன் ஆகிவிட்டேன். (போட்டி இல்லாத இடத்தில் முக்கியமானவன் ஆவது அவ்வளவு கடினமில்லை.)

விருதை ஏற்படுத்தியவர் பத்மாவதி அம்மா. விருதுநகர்க்காரர். அவருடைய கணவர் ஜப்பான் அச்சு மெஷின்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். வேலை நிமித்தமாகப் பல வருடங்கள் இருவரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். பொழுது போகாமல் மொழி கற்றுக்கொண்ட அம்மா, கணவர் ரயிலில் படித்துவிட்டுக் கொண்டுவரும் மர்ம நாவல்களைப் படிக்க ஆரம்பித்தார். "அவுக எனக்கு முன்னாடி படிச்சு முடிச்சிருவாக தம்பி. முடிவு என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாக. சண்டை போட்டாலும் சொல்ல மாட்டாக. கடைசி வரைக்கும் ஒரு புத்தகத்தோட முடிவக்கூட அவுக எனக்குச் சொன்னதில்ல" என்பார். கணவர் காலமான பிறகு ஊர் திரும்பி, அவருக்கு மிகவும் பிடித்த நாவல் ஒன்றை ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழில் பெயர்த்தார். அவர் நினைவாக விருதையும் வைத்தார். விருதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. விமர்சகர் எந்த நாவலின் முடிவையும் சொல்லியிருக்கக் கூடாது.

அந்த நிபந்தனையில்தான் நான் தேறினேன். ஒரு நாவலைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டு, படித்தவருக்குக் கொலையாளி ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் பார்த்துக்கொள்வேன். (செத்தவர் யார் என்பதையே சொல்ல மறந்த கட்டுரையும் உண்டு.)

விருது செய்தி வந்ததும் வீட்டில் சொன்னேன். என் மனைவி மீனா அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டாள். மாமா, அதாவது என் மாமனார், சிவகாசி பக்கத்தில் சிறிய பட்டாசு கம்பெனி வைத்திருப்பவர். பேலன்ஸ் ஷீட் தவிர வேறு எதையும் கடைசிப் பக்கம் வரை படித்தவரில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, விமர்சனம்னா என்ன? குத்தங் கண்டுபிடிக்கிறதுதான?"

"அப்படியும் சொல்லலாம் மாமா."

"அதுக்கா விருது குடுக்காக? ஒங்க அத்தை அத தெனமும் ஓசியிலயே செஞ்சுக்கிட்டு இருக்கா."

ஆனால் ஜப்பான் என்ற சொல் அவரை அசைத்துவிட்டது. அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் 'மாப்பிள்ளைக்கு ஜப்பான் விருது' என்று செய்தி போயிற்று. ரெண்டு நாளில் காரியாபட்டியிலிருந்து ஒரு சித்தப்பா, அங்கே போகும்போது தன் மகனுக்கு ஒரு கேமரா வாங்கிவர முடியுமா என்று கேட்டார். விழா விருதுநகரில் என்றதும் போனை வைத்துவிட்டார்.

மாமாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கேயோ ஒரு புத்தக விழாவுக்குப் போய், மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே இருந்தவர்கள் குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். "நம்ம வீட்டு விசேசத்துல சேர் காலியாக் கெடக்கக் கூடாது மாப்ள. ஆள் வர்றதுக்கு நான் பொறுப்பு" என்றார். அவருடைய பொறுப்பு என்றால் கம்பெனி வேன்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. வேன் வேனாக உறவும் சிநேகமும் ஆபீஸ் ஆட்களும் விருதுநகருக்குக் கிளம்பத் தயாரானார்கள். மாமா இந்த நல்ல காரியத்தைச் செய்யாமல் இருந்திருந்தால், என் மானம் ஒரு பதினைந்து பேர் முன்னால் மட்டும் போயிருக்கும்.

விழாவிலேயே பத்மாவதி அம்மாவின் மொழிபெயர்ப்பும் வெளியாவதாக ஏற்பாடு. பெயர் 'பனிமலை ரயிலடி' என்று வைத்துக்கொள்வோம். (நாவலின் பெயரையும் கொலையாளியின் வேலையையும் இந்தக் கட்டுரையில் மாற்றியிருக்கிறேன். ஒரு தடவை பட்டது போதும்.) மலையூர் ஒன்றில், பனி கொட்டுகிற நாளில், ஒரு சின்ன ரயில் நிலையத்தில் சில பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். கொன்றது யார் என்பது கதை.

புத்தகம் எங்கள் பிரஸில்தான் அச்சானது. கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒரு சிவப்புக் காகிதப் பட்டையால் சுற்றி ஒட்டியிருந்தோம். பட்டையைக் கிழித்தால்தான் முடிவு தெரியும். அதில் என்ன எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டதற்கு, 'அவசரப்படாதீர்கள்' என்று போடச் சொன்னார். முதல் அத்தியாயத்தைத் தனியாக ஒரு சிறு புத்தகமாக அடித்து, மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் வைப்பதாகத் திட்டம். அதைப் படித்துவிட்டு, அம்மா மேடையில் சொல்லும் கதையையும் கேட்டுவிட்டு, கொலையாளி யார் என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சரியாக எழுதுகிற அத்தனை பேருக்கும் தீபாவளிக்குப் பட்டாசு கிப்ட் பாக்ஸ். பரிசு, மாமா உபயம்.

"ஒருத்தரோ ரெண்டு பேரோதான் கண்டுபிடிப்பாக" என்று அம்மா சொல்லியிருந்ததால் மாமா தாராளமாக 'அத்தனை பேருக்கும்' என்று பேனரில் போடச் சொல்லிவிட்டார். மண்டபத்துக்காரர், பட்டாசு உள்ளே வரவே கூடாது என்று கறாராகச் சொன்னார். அதனால் காலிப் பெட்டிகளுக்குள் கசங்கிய பேப்பரை அடைத்து மேடை ஓரத்தில் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

விருதுநகருக்குக் காரில் போகும்போது ஏற்புரையை மீனாவிடம் வாசித்துக் காட்டினேன். பக்கத்திலேயே இருக்கும் திருத்தங்கல் தாண்டுவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

"நன்றின்னு சொல்லிட்டு எறங்கிருங்க. அது போதும்" என்றாள்.

"விமர்சனத்துக்கு விருது குடுக்காங்க. ரெண்டு வார்த்த ஆழமாப் பேச வேண்டாமா?"

"ஆழத்துல என்ன இருக்குன்னு யாரும் கேக்கலயே."

மண்டபம் நிறைந்திருந்தது. விழாவை நடத்தும் வாசகர் வட்டத்துச் செயலாளர் திரவியம் சார், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், அவ்வளவு கூட்டத்தை இலக்கியத்தில் பார்த்ததில்லை. வரவேற்புரையின் நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு என் தகுதியுரையை வாசித்தார். "எத்தனையோ மர்ம நாவல்களைப் பற்றி எழுதியும், ஒரு தடவைகூடக் கொலையாளியைக் காட்டிக்கொடுக்காத நாகரிகம் இவருடையது. இவர் நாவில் ரகசியம் பத்திரமாக இருக்கும்" என்றார். கைதட்டினார்கள். பத்மாவதி அம்மா பொன்னாடை போர்த்தி, பூதக்கண்ணாடி வடிவத்தில் செய்த ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்தார். மாமா முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் நான் இறங்கியிருக்கலாம்.

மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்ததை வாசிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் கூட்டம் தளர்ந்துவிட்டது. வைகாசி வெக்கை. முதல் அத்தியாயம் அச்சடித்த சிறு புத்தகத்தால் எல்லோரும் விசிறிக்கொண்டார்கள். பின்பக்கம் போண்டா பொரிகிற வாசம் வந்தது. தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. மாமா கையால் வாயை மறைக்காமலே ஒரு கொட்டாவி விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இவர்களை நிமிர்ந்து உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஒரு நல்ல மர்ம எழுத்தாளர் எதையும் ஒளித்து வைக்க மாட்டார். நம் கண்ணெதிரில்தான் வைப்பார்" என்றேன். சில தலைகள் திரும்பின. உற்சாகம் வந்தது. "உதாரணத்துக்கு, இன்று வெளியாகிற இந்த நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை. என்னைக் கட்டி வைத்து அடித்தாலும் சொல்ல மாட்டேன்." சிரித்தார்கள். உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. "ஆனால் எழுத்தாளரின் துணிச்சலை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொலையாளி முதல் பக்கத்திலேயே நம்மிடம் பேசிவிடுகிறார். பேசுவது மட்டுமல்ல, நம் முகத்துக்கு நேராக ஒரு பொய்யும் சொல்கிறார். நாம் யாருமே கவனிப்பதில்லை!"

விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒரு விமர்சகனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து சரசரவென்று ஒரு சத்தம். மண்டபம் மொத்தமும் ஒரே நேரத்தில் சிறு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலக்கியத்தின் மேல் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போய் நின்றிருந்தேன். முன்வரிசையில் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவி, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் படித்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தின் அடிக்கு வந்தார். மறுபடியும் மேலே போனார். பிறகு எழுந்து நின்றார்.

"மாப்ள! மொதப் பக்கத்துல ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தருதான பேசுறாரு!"

விரலை எடுக்காமல் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்.

"'இனிமே இன்னைக்கு ரயில் வராது'ன்னு சொல்றாரு. அப்ப அது பொய்யா? ரயில் இருந்துச்சா? ஏலே, அப்ப ஸ்டேஷன் மாஸ்டர்தான் கொன்னுருக்கான்!"

இந்த இடத்தில் நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, 'நல்ல ஊகம் மாமா' என்று சிரித்திருந்தால் இன்னும் பிழைத்திருக்கலாம். படித்த நூற்றுக்கணக்கான நாவல்களில் எத்தனை துப்பறிவாளர்கள் அந்த மாதிரி சமாளித்திருக்கிறார்கள். நான் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, "ஐயோ மாமா!" என்றேன். நாலு ஸ்பீக்கரிலும் அது தெளிவாகக் கேட்டது.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அன்று மாலையின் மிகப் பெரிய கைதட்டல் அதுதான். எனக்கல்ல, மாமாவுக்கு. அவர் திரும்பி நின்று நாலா பக்கமும் கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்வரிசையில் அதற்குள் சீட்டையும் பேனாவையும் எடுத்து 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் மாமாவின் கண் மேடை ஓரத்துப் பெட்டிக் கோபுரத்தின் மேல் விழுந்தது. பிறகு பேனரில் இருந்த 'அத்தனை பேருக்கும்' என்ற எழுத்துகளின் மேல். மெதுவாக உட்கார்ந்தார்.

நான் பத்மாவதி அம்மாவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். அவர் அந்த நாவலோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். முதல் பக்கத்து வசனத்தை, பொய் என்று யாருக்கும் தோன்றாதபடி தமிழில் அமைக்க, பதினாலு விதமாக எழுதிப் பார்த்ததை என்னிடம் காட்டியிருக்கிறார். அந்த வசனத்தைத்தான் நான் ஒரு கொட்டாவிக்குப் பதிலாகக் கொடுத்திருந்தேன். பொன்னாடைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. தரை பிளக்காதா என்று பார்த்தேன். சிமெண்டுத் தரை.

திரவியம் சார் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டு, "அடுத்து... மொழிபெயர்ப்பாளர்..." என்று இழுத்தார். அம்மா எழுந்து வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். சீட்டு எழுதுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரவணன் தம்பி நல்ல விமர்சகர். அதுல சந்தேகமே இல்ல" என்றார். "ஆனா எவ்வளவு பெரிய விமர்சகரும் ஒரு எடத்துல ஏமாறுவாக. இந்த நாவல எழுதுனவரு அப்படி ஒரு பொறி வச்சிருக்காரு. மொதப் பக்கத்த ரெண்டாவது தடவ படிக்கிறவுக எல்லாரும் ஸ்டேஷன் மாஸ்டர் மேலதான் சந்தேகப்படுவாக. ஜப்பான்லயும் பெரிய பெரிய ஆளுக அதுல விழுந்திருக்காக. தம்பியும் விழுந்துட்டாரு."

மண்டபம் 'ஓ' என்றது. எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி? அப்படித்தான?"

நாவலை மூன்று தடவை படித்தவன் நான். அச்சுப் பிழை திருத்தியவன். ஸ்டேஷன் மாஸ்டர்தான் கொன்றார், அதில் எந்தப் பொறியும் இல்லை. பத்மாவதி அம்மா அத்தனை பேர் முன்னால் கொஞ்சமும் அசராமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான் 'இல்லை' என்றால் அவர் புத்தகம் போயிற்று. 'ஆமாம்' என்றால், விமர்சன விருது வாங்கிய மேடையிலேயே, கொலையாளி யார் என்றே புரியாமல் நாவலைப் படித்தவன் ஆகிவிடுவேன். கையில் பூதக்கண்ணாடி ஷீல்டு வேறு இருந்தது. மீனாவைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாளா, தலையில் அடித்துக்கொண்டாளா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "அவசரத்துல தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். மன்னிக்கணும்."

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப அந்த விருதத் திருப்பி வாங்குங்கய்யா!"

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. மண்டபத்துச் சமையல்காரர்கள்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்து, ஷீல்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

அம்மா கதையைச் சொன்னார். கொலை வரைக்கும் சொல்லி, சந்தேகத்துக்கு உரியவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். விதவைப் பெண், பள்ளிக்கூட வாத்தியார், மருந்து விற்பனைக்காரர், பேசாத கிழவர். பிறகு போண்டாவும் டீயும். எல்லோரும் கையில் போண்டாவோடு, கிழவரா வாத்தியாரா என்று வாக்குவாதம் செய்தார்கள். 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று எழுதியவர்கள் எல்லாம் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டு கேட்டார்கள். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். துக்க வீட்டில் தட்டுவார்களே, அந்தத் தட்டல்.

"விடுங்க மாப்ள, மனுசன்னா தப்பு வர்றதுதான். போண்டா சாப்பிட்டீகளா?" என்றார் ஒரு பெரியப்பா. "எங்க கம்பெனியிலயும் ஒரு தடவ லேபிள மாத்தி ஒட்டிட்டாக" என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார்.

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீயை ஊதிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்.

"மாப்ள, நெசமாவே தப்பாத்தான் படிச்சீகளா?"

"ஆமா மாமா."

"அம்புட்டுத் தடவ படிச்சும்?"

"ஆமா மாமா."

என் முகத்தையே பார்த்தார். பட்டாசு வியாபாரத்தில் ஆர்டர் கேட்டு வருகிறவன் உண்மை சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தே எடை போடுகிறவர். "ம்ம்" என்றார். டீயைக் குடித்து முடித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பெட்டியைத் திறந்து, பத்மாவதி அம்மாவும் திரவியம் சாரும் ஓர் ஓரமாகப் போய்ச் சீட்டுகளைப் பிரித்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை. திரவியம் சார் மைக்குக்கு வந்தார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சரியான விடை எழுதியவர் இந்த அவையில் ஒரே ஒருவர்தான். விடையை நாங்கள் சொல்லப்போவதில்லை. பரிசு பெறுகிறவர்..." என்று நிறுத்தி, மாமாவின் பெயரை வாசித்தார்.

பரிசு கொடுப்பவரே பரிசை வென்றிருந்தார். அவருடைய கம்பெனியின் பெட்டியை, கசங்கிய பேப்பர் அடைத்த காலிப் பெட்டியை, பத்மாவதி அம்மா அவர் கையில் கொடுக்க, இருவரும் கேமராவைப் பார்த்தார்கள். அந்தப் போட்டோவில் மாமாவின் பூரிப்பைப் பார்க்க வேண்டும். அவர் கல்யாணப் போட்டோவில்கூட அது இல்லை என்று அத்தையே சொல்லியிருக்கிறார்.

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"அண்ணாச்சி, என்ன எழுதுனீக? ஸ்டேஷன் மாஸ்டரா?"

"அதத்தான் அம்மா இல்லன்னுட்டாகள்ல."

"அப்ப யாரு? கிழவனா?"

மாமா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "அதச் சொல்லக் கூடாதுடே. அந்தா வச்சிருக்காகள்ல, வாங்கிப் படிங்க."

கொண்டுவந்த பிரதிகள் எல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டன. வாசகர் வட்டத்து வரலாற்றில் அப்படி நடந்ததில்லை என்று திரவியம் சார் சொன்னார். வேன்கள் கிளம்பும்போதே உள்ளே சிவப்புப் பட்டை கிழிபடுகிற சத்தம் கேட்டது. 'அவசரப்படாதீர்கள்' என்பதை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை.

நான் பத்மாவதி அம்மாவிடம் போய் நின்றேன். "அம்மா, நான்..." என்றேன்.

"சத்தம் போடாதீக. இன்னும் ஆளுக இருக்காக" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "மர்ம நாவல மொழிபெயர்க்கிறவளுக்கு ஒரு பொய் சொல்ல வராதா தம்பி? ஒங்க மானத்த வாங்கிட்டேன். என் புத்தகத்துக்கு அது செலவு." பேனரில் இருந்த கணவர் பெயரைக் காட்டி, "அவுக இருந்திருந்தா இன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாக" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் காரில் முன் சீட்டில் மாமா. பெட்டி மடியில் இருந்தது. அவரிடம் கேட்டேன். "எப்படி மாமா ஸ்டேஷன் மாஸ்டர்னே எழுதுனீக? நான்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டேனே?"

"எனக்கு நாவல் தெரியாது மாப்ள. ஒங்களத் தெரியும்" என்றார். "நீங்க 'ஐயோ மாமா'ன்னது நெசம். அதுக்கப்புறஞ் சொன்னது எதுவும் நெசமில்ல. பொய் சொல்லும்போது ஒங்க காது செவக்குது."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழாவுக்கு வந்திருந்த உள்ளூர் நிருபர் ஒருவர் புத்தகம் வாங்காமலே கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த நாள் 'விருது மேடையில் தவறை ஒப்புக்கொண்ட விமர்சகர்' என்று செய்தி வந்தது. இணையத்திலும் ஏறிவிட்டது. இன்றைக்கும் என் பெயரையும் ஜப்பானிய மர்ம நாவலையும் சேர்த்துத் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். மறுப்பு எழுதலாம் என்று மீனாவிடம் சொன்னேன். "என்னன்னு எழுதுவீக?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். 'நான் சொன்னது சரிதான்' என்று எழுதினால் கொலையாளி யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். என் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் நாவலைக் கெடுக்க வேண்டும். மறுப்பு எழுதவில்லை.

படித்தவர்களுக்கு உண்மை தெரியும். ஆனால் உறவில் புத்தகத்தை வாங்கியும் படிக்காதவர்கள் பலர். அவர்களுக்கு இன்றும் நான் கதை புரியாமல் விருது வாங்கியவன்தான். மாமா அதற்குப் பிறகு அந்த நாவலை முழுதாகப் படித்தார். இப்போது சீசன் முடிந்ததும் வந்து புத்தகம் கேட்கிறார். பாதி படித்ததும் போன் பண்ணுவார். நான் 'ஹலோ' சொல்வதற்கு முன்னால், "மாப்ள, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசுறேன்" என்பார். வீட்டில் மர்மத் தொடர் ஏதாவது ஓடினால் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் எதையாவது விளக்க வாயெடுத்தால் மீனா "மொதப் பக்கம்!" என்பாள். நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். விருது விழா வருடா வருடம் நடக்கிறது. முன்னாள் விருதாளர் என்ற முறையில் எனக்கு மேடையில் நாற்காலி உண்டு. மைக் கிடையாது.

போன மாதம் ஒரு நாள் மாமாவும் அத்தையும் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். மீனாவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் காரியாபட்டி. பேச்சு ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகியிருக்கிறது. பத்திரிகை கைக்கு வரும்வரை விஷயம் வெளியே கசியக் கூடாது என்று கட்டுப்பாடாம். மீனாவுக்குத் தெரியும். எங்கள் பிரஸ் மேனேஜருக்குத் தெரியும். எதிர் வீட்டு அக்காவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மாமா தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்துக் கையில் கொடுத்தார். நல்ல ஆர்ட் பேப்பர், தங்க எழுத்து. தொழில்காரன் புத்தியில் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே இருக்கும் இன்னொரு பிரஸ்.

"என்ன மாமா இது? சொந்த மாப்பிள்ள பிரஸ் வச்சிருக்கேன். மச்சினன் பத்திரிகைய வெளிய அடிச்சிருக்கீக!"

மாமாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீக மாப்ள" என்றார். "ஒங்க பிரஸ்ல குடுத்தா, நீங்க அத வாசிச்சிருவீகள்ல."